மோஷிதெரு: கொடுக்கவும் கேட்கவும் ஒரே சொல்லா?

வேலூரான்

வணக்கம். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்2 நிலையை எழுதுகிறேன். சொற்பட்டியலில் ஒரு சொல்லோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மோஷிதெரு. பெயர்ச்சொல்லாக வந்தால் மோஷிதெ. என்னிடம் இருப்பது ஆங்கில வழி அகராதி. உதவி செய்ய முன்வருதல் என்று ஒரு பொருள், கோருதல் என்று ஒரு பொருள், தெரிவித்தல் என்று ஒரு பொருள் போட்டிருக்கிறது. கொடுக்கிறேன் என்பதும் கேட்கிறேன் என்பதும் எதிரெதிர் அல்லவா?

பாடநூலில் இருந்த மூன்று வாக்கியங்கள்:

என்ஜோ ஓ மோஷிதெரு. உதவி செய்வதாகச் சொல்கிறார்.
ஜினின் ஓ மோஷிதெரு. பதவியிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்கிறார்.
ககாரி-இன் நி ஒமோஷிதெ குதசாய். பணியாளரிடம் தெரிவியுங்கள்.

முதலாவதில் ஒருவர் கொடுக்கிறார். இரண்டாவதில் ஒருவர் தன்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறார். மூன்றாவதில் கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. இவை மூன்றையும் கட்டும் நூல் எது? மூன்று பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு மறுநாளே மறந்துவிடும் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

நெல்லை_நகோயா

தம்பி, நல்ல கேள்வி. சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மோசு என்றால் சொல்லுதல். அதிலும் தன்னைத் தாழ்த்திக்கொண்டு சொல்லுதல். "வத்தாஷி வா இன்னார் தொ மோஷிமாசு" என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறோமே, அதே மோசு. தெரு என்றால் வெளியே வருதல். (உச்சரிக்கும்போது த-வை "இது" என்பதில் வரும் து போல மென்மையாகச் சொல்லுங்கள்.) இரண்டும் சேர்ந்தால், இருந்த இடத்திலிருந்து வெளியே வந்து, எதிரில் இருப்பவரிடம் பணிவாகச் சொல்லுதல்.

இந்தத் தெரு சேர்ந்த சொற்கள் இன்னும் உண்டு. நனோரிதெரு என்றால் "நான்தான் அது" என்று தானாக வந்து சொல்வது. விபத்தைப் பார்த்த சாட்சி காவல் நிலையத்துக்கு வருவதைச் செய்தியில் இப்படித்தான் எழுதுவார்கள். நெகாய்தெரு என்றால் வேண்டுகோளோடு போய் நிற்பது. தொதொக்கெதெரு என்றால் அதிகாரியிடம் போய்ப் பதிவு செய்வது. எல்லாவற்றிலும் ஒருவர் தன் இடத்தை விட்டு ஓரடி எடுத்து வைக்கிறார்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். இரத்தம் கொடுக்க முன்வந்தார் என்கிறோம். சாட்சி சொல்ல முன்வந்தார் என்கிறோம். பதவியை விட்டுக்கொடுக்க முன்வந்தார் என்றும் சொல்கிறோம். பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி "முன்வந்தார்" என்ற சொல் கவலைப்படுவதே இல்லை. அந்த ஆள் தானாக ஓரடி எடுத்து வைத்தார் என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. மோஷிதெருவும் அப்படித்தான். கொடுப்பது, கேட்பது என்ற கணக்கு ஆங்கில அகராதி போட்டது. ஜப்பானியர் மனத்தில் அங்கே ஒரே செயல்தான் இருக்கிறது.

வேலூரான்

அண்ணா, முதல் இரண்டும் கண் திறந்தது போல ஆகிவிட்டது. மூன்றாவதுதான் இன்னும் ஒட்டவில்லை. "பணியாளரிடம் முன்வாருங்கள்" என்று எந்தத் தமிழனும் எழுத மாட்டானே?

கயல்_யோகோஹாமா

அந்த மூன்றாவது வாக்கியத்தோடு எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 இலையுதிர் காலம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இங்கே ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை உண்டு, அது சட்டப்படி கட்டாயம். ஒவ்வொரு அறையாகப் போய் உயரம், எடை, இரத்தம் எல்லாம் முடிந்து, மார்பு எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே வரிசையில் நின்றேன். உடை மாற்றும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்புத் தாளில் ஓர் அறிவிப்பு. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள், கட்டாயம், முன்கூட்டியே என்பது வரை படித்துவிட்டேன். கடைசி வினை மட்டும் தெரியவில்லை. ஒமோஷிதெ குதசாய்.

எனக்கு நாள் தள்ளிப்போயிருந்த நேரம் அது. கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே உறுதியாகத் தெரியாது.

மோஷி என்று தொடங்கும் சொல்லில் எனக்கு அப்போது தெரிந்தது மோஷிகொமி ஒன்றுதான். செல்பேசி இணைப்பு வாங்கியபோதும் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தபோதும் மோஷிகொமி தாள் நிரப்பியிருந்தேன். அதனால் இதற்கும் ஏதோ படிவம் இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், நான் தவறவிட்டுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு முன்னால் மூன்று பேர். பிறகு இரண்டு பேர். கைகள் சில்லிட்டுவிட்டன. கடைசியில் அங்கே நின்ற செவிலியரிடம் போய், அந்தத் தாளைக் காட்டி, "படிவம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "படிவம் எதுவும் இல்லை, வாயால் சொன்னாலே போதும்" என்றார். பிறகு என் சோதனைத் தாளில் எக்ஸ்ரே என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு என்னை நேராக அடுத்த அறைக்கு அனுப்பினார். வரிசையில் இருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வேலூரான் தம்பிக்கு நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் தாளில் "தெரிவியுங்கள்" என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிதான் கிடைக்கும். "உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், எல்லார் எதிரிலும் நாங்கள் துருவிக் கேட்க மாட்டோம், நீங்களாக வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. "தயங்காமல் வந்து சொல்லுங்கள்" என்று தமிழில் எழுதினால் ஓரளவு பக்கத்தில் வரும்.

அதற்கப்புறம் கண்ணில் படும் இடமெல்லாம் இந்தச் சொல்தான். 2020 ஜூலையிலிருந்து கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குகிறார்கள் அல்லவா, பணம் செலுத்தும் இடத்தில் "பை வேண்டுவோர் ஒமோஷிதெ குதசாய்" என்று ஒட்டியிருப்பார்கள். உணவக அட்டையின் அடியில் "ஒவ்வாமை உள்ளவர்கள் ஆர்டர் செய்யும்போது ஒமோஷிதெ குதசாய்" என்று இருக்கும்.

நெல்லை_நகோயா

கயல், இதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லலாமா? பெயரில்லாமல்தான்.

கயல்_யோகோஹாமா

தாராளமாகச் சொல்லுங்கள் அண்ணா.

கனி_என்3

எனக்கு ஒரு சந்தேகம். மோசு பணிவுச் சொல், அதாவது கென்ஜோகொ என்று நெல்லை அண்ணா சொன்னார். கென்ஜோகொவை நமக்குத்தான் பயன்படுத்த வேண்டும், எதிரில் இருப்பவருக்குப் பயன்படுத்தினால் அவரைத் தாழ்த்தியது போல ஆகும் என்று எங்கள் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். விருந்தினரைச் சாப்பிடச் சொல்லும்போது "இதாதாய்தெ குதசாய்" என்றால் தவறு, "மெஷிஅகத்தெ குதசாய்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று என்னைத் திருத்தியிருக்கிறார். அப்படியென்றால் வாடிக்கையாளரிடம் ஒமோஷிதெ குதசாய் என்று எழுதி ஒட்டுவது எப்படிச் சரியாகும்?

மொழிப்பித்தன்

கனி, இதே சந்தேகம் ஜப்பானியர்களுக்கும் வந்திருக்கிறது. 2007 பிப்ரவரி 2 அன்று அந்நாட்டின் பண்பாட்டு ஆலோசனைக் குழு "கெய்கொ நோ ஷிஷின்" என்ற மரியாதை மொழி வழிகாட்டியை வெளியிட்டது. அதுவரை மூன்றாகப் பிரித்துச் சொல்லப்பட்டு வந்த மரியாதை வழக்கை ஐந்தாகப் பிரித்தது அதுதான். கேள்வி பதிலாக எழுதப்பட்ட பகுதி ஒன்று அதில் உண்டு. இந்தக் கேள்வி அங்கேயே இருக்கிறது. மோஷிதெரு, மோஷிகொமு போன்ற கூட்டுச் சொற்களில் உள்ள மோசு, இப்போது பணிவுப் பொருளோடு இயங்கவில்லை, ஆகவே வாடிக்கையாளரிடம் சொல்வதில் குறை இல்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். "கையோடு கொண்டு வாருங்கள்" என்பதற்கு கொஜிசான் குதசாய் என்கிறோம். அதில் உள்ள சான், மாயிரு (வருதல், போதல்) என்ற பணிவுச் சொல்லை எழுதும் அதே கான்ஜி, அதாவது சீன எழுத்து. அதற்கும் இதே பதில்தான்.

தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது. விண்ணப்பம் என்ற சொல் ஒரு காலத்தில் அடியவன் ஆண்டவன் முன்பும் குடிமகன் அரசன் முன்பும் செய்தது. ஆழ்வார் பாசுரத்தில் "அடியேன்" என்ற சொல்லோடு அது வரும். இன்று ரேஷன் அட்டைக்கும் விண்ணப்பம், கல்லூரிக்கும் விண்ணப்பம். "விண்ணப்பியுங்கள்" என்று அரசு விளம்பரம் கொடுத்தால் நம்மைத் தாழ்த்திவிட்டார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. பழைய குனிவு சொல்லுக்குள் இருக்கிறது, ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது.

கனி_என்3

விண்ணப்பம் உதாரணம் அருமை. நன்றி சார்.

நெல்லை_நகோயா

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வேலூரான் தம்பிக்கு இது முக்கியம். பொருள் புரிந்துவிட்டது என்றவுடன் வாயிலும் மின்னஞ்சலிலும் இந்தச் சொல்லைப் போட ஆரம்பித்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்தேன்.

வந்த புதிதில் எங்கள் பிரிவில் ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பு. பக்கத்துக் குழுவில் ஆள் பற்றாக்குறை என்று தெரிந்தது. மரியாதையாக எழுதுவோம் என்று அகராதியைப் பார்த்து "தெத்சுதாய் ஓ மோஷிதெமாசு" (உதவ முன்வருகிறேன்) என்று அந்தக் குழுத் தலைவருக்கு எழுதி அனுப்பினேன். அவர் என் மேசைக்கே வந்து நன்றி சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "நீங்கள் எழுதியது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களைப் பற்றி வேறு யாரோ செய்தி எழுதியது போல இருக்கிறது" என்றார். தாளை எடுத்து, நான் எழுதியிருக்க வேண்டியதை எழுதிக் காட்டினார்: "யோரொஷிகெரெபா, ஒதெத்சுதாய் ஷிமாஷோ கா." உங்களுக்குச் சம்மதம் என்றால், கைகொடுக்கட்டுமா?

மோஷிதெரு பெரும்பாலும் செயலைப் பெயரிட்டுச் சொல்லும் சொல். அந்தச் செயலைச் செய்யும்போது வாயில் வருவது வேறு. தமிழிலும் "நான் உங்களுக்கு உதவ முன்வருகிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் யாராவது சொல்வோமா? "நான் பிடிக்கட்டுமா அண்ணே?" என்போம். பிற்பாடு அவர் தன் மனைவியிடம் "அந்தப் பையன் தானாக முன்வந்து தூக்கிக் கொடுத்தான்" என்பார். முன்வந்தது என்று மற்றவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்கும்போதும் அப்படியே. ஏதாவது வேண்டுமென்றால் "...தெ இதாதகெமாசென் கா" (செய்து தர முடியுமா) என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும்போது "இன்னாரிடமிருந்து இப்படி ஒரு மோஷிதெ வந்தது" என்று எழுதுங்கள். செய்தி, குறிப்பு, அறிவிப்பு, படிவம், சட்டம். இந்தச் சொல் குடியிருக்கும் வீடுகள் இவைதான்.

தேன்மொழி_சைதாமா

உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் ஒமோஷிதெ என்றால் வாடிக்கையாளர் புகார். முதல் வாரத்தில் "இன்று ஒமோஷிதெ இரண்டு" என்று சொன்னபோது யாரோ இரண்டு பேர் உதவ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்! ஒன்று, பொட்டலத்தின் ஓரம் சரியாக ஒட்டாமல் வந்தது. இன்னொன்று, சாஸ் பை உள்ளே இல்லாதது.

புகாருக்கு குரேமு என்ற சொல் பேச்சில் உண்டு. ஆனால் பதிவேட்டிலோ வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்திலோ எங்களுக்கு அது கூடாது. குரேமு என்றால் குறை சொல்கிறவர் என்ற கசப்பு அதில் ஏறிக்கொள்ளும். ஒமோஷிதெ என்றால் அவர் சிரமம் எடுத்துக்கொண்டு வந்து நமக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்கு அவர் மாறியிருக்கலாம், மாறவில்லை. பதில் கடிதம் எழுத உட்காரும்போது சொல் மாறினாலே எழுதும் தொனி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வேலூரான்

இது எந்தப் பாடநூலிலும் இல்லை அக்கா. குறித்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி. மோஷிகொமு, மோஷி-இரெரு, மோஷிதத்தெரு என்று வரிசையாக வருகின்றன. தேர்வில் நான்கையும் விடையாகக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காலி.

மொழிப்பித்தன்

சட்ட ஆவணங்களையும் தொழில்நுட்ப ஆவணங்களையும் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, அதனால் இவற்றோடு தினமும் குடும்பம் நடத்துகிறேன். பின்னால் ஒட்டும் வினையைப் பாருங்கள்.

கொமு என்றால் உள்ளே செலுத்துதல். மோஷிகொமி எதிராளியின் கைக்குள் போய் விழுகிறது, அவர் ஏற்க வேண்டும். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 522ஆம் பிரிவில் ஒப்பந்தம் பிறப்பதே மோஷிகொமியும் அதற்கான சம்மதமும் சேரும்போதுதான். வகுப்பில் சேர்வது, போட்டிக்கு அழைப்பது, திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்பது எல்லாம் மோஷிகொமு. மோஷி-இரெ பெரும்பாலும் அமைப்புக்கும் அமைப்புக்கும் இடையில், கனமாக எடுத்து வைப்பது. அதே சட்டத்தின் 627ஆம் பிரிவில், காலவரையறை இல்லாத வேலையை முடித்துக்கொள்வதாகத் தெரிவிப்பதற்கும் இந்தச் சொல்தான். தெரிவித்து 2 வாரம் ஆனால் வேலை உறவு முடிகிறது. மோஷிதத்தெ நீதிமன்றத்தில் நின்று முறையிடுவது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் நான் உண்மையில் பேச விரும்புவது வேறு. ஷின்செய், தொதொக்கெதெ, மோஷிதெ ஆகிய மூன்றையும் தமிழில் "விண்ணப்பம்" என்று ஒரே சொல்லால் அடித்துவிடுகிறோம். இது பெரிய தவறு, ஆட்களை நேரடியாகப் பாதிக்கிற தவறு.

ஷின்செய் என்றால் அனுமதி கேட்பது. 1993இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, ஷின்செய் வந்தால் அரசு அலுவலகம் ஆமென்றோ இல்லையென்றோ முடிவு சொல்ல வேண்டும். தொதொக்கெதெ என்றால் அறிவிப்பது. தாள் சரியாக இருந்து உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் கடமை முடிந்தது. மோஷிதெ என்பது நான் முன்வந்து என் விருப்பத்தைச் சொல்வது. அதற்கு என்ன விளைவு என்பதை அந்தந்தச் சட்டம் சொல்லும்.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த உதாரணம் குழந்தை வளர்ப்பு விடுப்பு. 1991இல் இயற்றப்பட்டு 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். அதன் 5ஆம் பிரிவு, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்காக ஊழியர் முதலாளியிடம் மோஷிதெ செய்வதன் மூலம் விடுப்பு எடுக்கலாம் என்கிறது. 6ஆம் பிரிவு, முதலாளி அந்த மோஷிதெயை மறுக்க முடியாது என்கிறது. சேர்ந்து ஓர் ஆண்டு ஆகாதவர்களைத் நிறுவனமும் தொழிலாளர் தரப்பும் செய்துகொள்ளும் உடன்படிக்கையின் மூலம் விலக்கி வைப்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான். நீங்கள் சொன்னால் போதும். அவர் பார்த்துத் தருவதல்ல, அது ஏற்கெனவே உங்களுடையது.

இதை "விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? மேலாளர் மனம் வைத்தால் கிடைக்கும் என்று நினைப்பார். ஒரு சொல்லால் ஓர் உரிமையைச் சலுகையாக்கிவிடுகிறோம். நானே முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். இப்போது "விடுப்பு எடுப்பதாகத் தெரிவித்தல்" என்று எழுதுகிறேன். நீளம்தான், பரவாயில்லை.

கயல்_யோகோஹாமா

மொழிப்பித்தன் சார், இதைப் படித்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது.

மேலே சொன்ன அந்த எக்ஸ்ரே நாளில் வயிற்றில் இருந்த குழந்தை 2023இல் பிறந்தாள். 2022 அக்டோபரிலிருந்து தந்தைகளுக்கு, குழந்தை பிறந்த 8 வாரத்துக்குள் 4 வாரம் வரை எடுக்கக்கூடிய தனி விடுப்பு வந்திருந்தது. என் கணவர் இரண்டு வாரம் தூங்காமல் யோசித்து, அனுமதி கொடுக்க முடியுமா என்று கெஞ்சும் தொனியில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தார். அனுப்பவில்லை, வரைவிலேயே கிடந்தது. திட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம், வெளிநாட்டுக்காரன் விடுப்புக் கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்ற பயம்.

நடுவில் வேறு வேலையாக மனிதவளப் பிரிவுக்குப் போனவர், எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த அம்மா உடனே எழுந்துபோய் இரண்டு தாள்களைக் கொண்டு வந்தாராம். ஒன்று விடுப்பு முறைகளை விளக்குவது. இன்னொன்றின் தலைப்பு இகுஜி க்யூக்யோ மோஷிதெஷோ, அதாவது குழந்தை வளர்ப்பு விடுப்புக்கான மோஷிதெ தாள். ஒப்புதல் என்றோ அனுமதி என்றோ அதில் ஒரு கட்டம்கூட இல்லை. மேல் மூலையில் "மோஷிதெ செய்த நாள்" என்ற கட்டம்தான் இருந்தது. அதில் விரலை வைத்து, "இந்தத் தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள், அதிலிருந்துதான் எண்ணுவோம்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சமையல் மேடையில் விரித்து வைத்து இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒட்டியிருந்த அதே சொல். அன்றைக்குப் படிவம் தேடி அலைந்தேன், படிவம் இல்லை. இங்கே படிவம் இருந்தது, ஆனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் இருந்தது.

மொழிப்பித்தன்

அந்த அம்மா செய்தது நல்ல மனசு மட்டுமல்ல, சட்டக் கடமையும்கூட. 2022 ஏப்ரலிலிருந்து, தனக்கோ துணைக்கோ குழந்தை பிறக்கப்போவதாக ஊழியர் மோஷிதெ செய்தால், நிறுவனம் அவருக்குத் தனியாக விடுப்பு முறையை விளக்கி, எடுக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். உங்கள் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வாக்கியம்தான் மோஷிதெ. அதுவரை நிறுவனத்துக்கு ஒன்றும் தெரியாது, செய்யவும் வழியில்லை.

இங்கே ஜப்பானில் இருக்கிற நம் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தந்தையர் விடுப்புக்குப் பொதுவாக 2 வாரம் முன்பும், வழக்கமான வளர்ப்பு விடுப்புக்கு 1 மாதம் முன்பும் தெரிவித்துவிட வேண்டும். வரைவில் போட்டு வைக்காதீர்கள்.

கனி_என்3

இடையில் ஓர் அவசர உதவி. ஒரு ஜப்பானிய நண்பரின் அம்மா வீடு மாறுகிறார். சனிக்கிழமை வந்து பெட்டி கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். பதிலில் "செக்கக்கு நோ ஒமோஷிதெ தெஸு கா..." என்று தொடங்கி அந்தப் புள்ளிகளோடு வாக்கியமே முடிந்துவிட்டது. சனிக்கிழமை போகவா வேண்டாமா?

நெல்லை_நகோயா

வேண்டாம் கனி. அந்தக் "கா" இங்கே கேள்வி அல்ல, "ஆனால்" என்று பொருள். அதோடு பதில் முடிந்துவிட்டது. "இவ்வளவு தூரம் நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால்..." என்று நம் ஊரில் இழுப்பார்களே, அதுதான். உங்கள் செயலுக்கு ஒமோஷிதெ என்று பெயர் வைத்ததே மரியாதை. மறுக்கிறார், அதே நேரம் நீங்கள் எடுத்து வைத்த அடியைப் பார்த்தேன் என்று சொல்கிறார். "புரிகிறது, ஏதாவது தேவைப்பட்டால் எப்போதும் சொல்லுங்கள்" என்று பதில் போட்டுவிடுங்கள். நல்லபடியாகவே எடுத்துக்கொள்வார்.

புலவர்_வீட்டுப்பிள்ளை

ஜப்பானியம் எனக்கு அரைகுறைதான், ஆனால் இந்த இழையைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்பதற்கு மூன்று சொற்களைத் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது ஒத்தவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது. ஜப்பானியத்தில் அகெரு, குரெரு, மொராவு என்று கொடுத்தல் வாங்கல் சொற்கள் பிரிவதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. மோஷிதெருவும் இந்த வகையில் கீழிருந்து மேலே போகும் சொல்தானா?

மொழிப்பித்தன்

ஐயா, நல்ல இடத்தில் தொட்டீர்கள். ஆனால் ஒரு வேறுபாடு. அகெரு, குரெரு பிரிவது பெரும்பாலும் என் பக்கம், உன் பக்கம் என்ற கணக்கில். குரெரு என்றால் என் பக்கம் வருகிறது. ஈ, தா, கொடு பிரிவது கேட்பவரின் நிலையை வைத்து. இரண்டும் ஒன்றல்ல.

மோஷிதெருவுக்கு மேல் கீழ் அவசியம் இல்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது 160க்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் உதவுவதாகச் சொன்னதை ஜப்பானியச் செய்திகள் "ஷியென் நோ மோஷிதெ" என்றே எழுதின. இந்தியாவிலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் மியாகி மாநிலத்து ஒனகாவாவுக்குப் போய் வேலை செய்தார்கள், அவர்கள் போனதும் அப்படி ஒரு மோஷிதெயின் பேரில்தான். நாட்டுக்கு நாடு அங்கே சமம்தான். முறையான இடைவெளி ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் சாப்பாடு கேட்பதற்கோ தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதற்கோ இந்தச் சொல் வராது.

மருத்துவத்திலும் ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் தொடங்கிய கன்ஜா மோஷிதெ ர்யோயோ. காப்பீட்டில் இன்னும் சேராத சிகிச்சையைக் காப்பீட்டுச் சிகிச்சையோடு சேர்த்துப் பெற வழி செய்யும் முறை. கன்ஜா என்றால் நோயாளி. தொடக்கப் புள்ளி நோயாளியின் வாய்ச்சொல் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

வேலூரான்

எல்லாருக்கும் நன்றி. நான் எழுதிப் பார்த்த மூன்று வாக்கியங்கள். திருத்துங்கள்.

1. தொனாரி நோ ஹிதோ கா ஹிக்கொஷி நோ தெத்சுதாய் ஓ மோஷிதெதெ குரெத்தா. (பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற உதவுவதாகத் தானாக வந்து சொன்னார்.)
2. கரெ வா கனோஜோ நி கெக்கொன் ஓ மோஷிதெத்தா. (அவன் அவளிடம் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான்.)
3. நிகாதெ நா ஷொகுசாய் கா கொசாய்மாஷித்தரா, ஒமோஷிதெ குதசாய். (ஒத்துக்கொள்ளாத உணவுப் பொருள் ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.)

நெல்லை_நகோயா

முதல் வாக்கியம் அழகு. கடைசியில் குரெத்தா போட்டீர்கள் பாருங்கள், அவர் எடுத்த அடி உங்களை நோக்கி வந்தது என்று சேர்த்துவிட்டீர்கள். இரண்டாவதை மாற்றுங்கள். திருமணத்துக்கு மோஷிகொன்தா. அவள் சம்மதம் சொல்ல வேண்டும் அல்லவா, மொழிப்பித்தன் சொன்ன அந்த 522தான். மூன்றாவது உணவக அட்டையில் அப்படியே அச்சடிக்கலாம்.

வேலூரான்

மூன்றாவதை அட்டையில் பார்த்தால் பதிலுக்கு என்ன சொல்வது? நான் சைவம். அடுத்த ஆண்டு வேலைக்காக அங்கே வர வேண்டியிருக்கும்.

கயல்_யோகோஹாமா

தம்பி, "நிகு தொ சகானா கா தபெராரெமாசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது) என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இறைச்சித் துண்டும் மீன் துண்டும் இல்லாமல் கொண்டு வருவார்கள், ஆனால் சூப்பில் கட்சுவோ மீன் சீவலில் இறக்கிய தாஷி என்ற சாறு இருக்கும். மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான் அடிப்படை. "சகானா நோ தாஷி மோ தாமெ தெஸு" (மீன் தாஷியும் கூடாது) என்பதையும் சேர்த்து, ஆர்டர் எடுக்க வரும்போதே சொல்லிவிடுங்கள். தட்டு வந்த பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் மனம் சங்கடப்படும்.